சம்பந்திக்கு வைத்த விலா எலும்பு

சொங்-கோல் ஏரி மேய்ச்சல்
ஜூன் 12

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா ரைகானுக்கு,

சோனுன் எழுதுவது. உங்கள் மகள் நூர்ஜாத்தின் மாமியார் என்று சொன்னால் ஞாபகம் வரும். கடிதம் என்றால் முதலில் உங்கள் வீட்டு ஆடு மாடு குதிரையெல்லாம் நலமா என்று கேட்க வேண்டும். நீங்கள் நாரின் பட்டணத்தில் மூன்றாம் மாடியில் குடியிருப்பதால் பூனை நலமா என்று கேட்கிறேன். இங்கே குதிரைகள் சுகம், ஆடுகள் சுகம், என் கிழவர் தொக்தோசுன் சுகம், அவருடைய குறட்டையும் சுகம்.

மூன்று வருடமாகப் பேசாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று உங்கள் மூக்கு விடைக்கும். போனில் சொல்லலாம்தான். ஆனால் இங்கே சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு மேட்டின் மேல். நான் ஏறினால் பின்னாலேயே பாதி மேய்ச்சலும் ஏறும். "யாரு, சம்பந்தியா? ஸ்பீக்கர்ல போடு, நாங்களும் கேக்கறோம்" என்பார்கள். அதனால் வெள்ளிக்கிழமை குதிரைப்பால் குமிஸ் ஏற்றிப்போகும் ஜிர்கலின் லாரியில் அனுப்புகிறேன். உறையை நூல் போட்டுத் தைத்திருக்கிறேன். நூல் அறுந்திருந்தால் அவனை விடாதீர்கள்.

விஷயம் இதுதான். உங்கள் மகளுக்கு ஒப்பாரி பாட வராது. போன குளிரில் எங்கள் பெரிய மாமா இறந்தபோது மருமகள்கள் எல்லோரும் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கல்லும் கரையப் பாடினார்கள். இவள் "மாமா... மாமா..." என்று இரண்டு தடவை சொன்னாள், அப்புறம் விக்கல் எடுத்தாள். மற்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நீங்கள் டிரில் டீச்சராக இருந்து ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் விசில் ஊதி ஓட வைத்தீர்கள். சொந்தப் பெண்ணுக்கு அழச் சொல்லித் தரவில்லை. குளிர் தொடங்குவதற்குள் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். மாமியாருக்காகப் பாடுகிற ஒப்பாரியை முக்கியமாகச் சொல்லிக் கொடுங்கள்.

கல்யாண விருந்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். சம்பந்தியம்மாவின் தட்டில் கொழுப்போடு சேர்ந்த வாலெலும்பு இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? நான் என்ன மரத்திலிருந்தா விழுந்தேன்? என் மைத்துனன் தட்டுகளைத் தூக்கி வரும்போது மாற்றிவிட்டான். உங்களுடைய வாலெலும்பு டிராக்டர்காரன் பெண்டாட்டி பாத்மாவுக்குப் போயிற்று, அவளுடைய விலா உங்களுக்கு வந்தது. சபை நடுவில் நீங்கள் விருட்டென்று எழுந்து, வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த கறிப் பையைக்கூடத் தொடாமல் காரில் ஏறிப் போனீர்கள். அந்தப் பாத்மா இன்றுவரை "எனக்கு வாலெலும்பு வெச்ச வீடு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். என் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

அவ்வளவுதான். பூனைக்கு என் விசாரிப்பு.

சோனுன்

*

நாரின்
ஜூன் 19

சம்பந்தியம்மா சோனுனுக்கு,

நூல் அறுபடாமல் வந்தது. பூனை நலம்.

கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். யார் சாகப்போவது?

முப்பது வருடம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவள் நான். வயிற்று வலி என்று பொய் சொல்கிற பிள்ளையையும், வலியை மறைத்துக்கொண்டு ஓடுகிற பிள்ளையையும் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். நீங்கள் இரண்டாவது வகை. மூன்று வருடம் முகம் திருப்பிக்கொண்டிருந்தவள் ஒப்பாரிக்காக உறையைத் தைக்க மாட்டாள்.

எலும்பு விஷயத்தில் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அது அப்புறம். முதலில் உங்களுக்கு என்ன உடம்பு, எப்போதிலிருந்து, எந்த இடத்தில் என்று எழுதுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். ஜிர்கலுக்கு டீ போட்டுக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு உடனே எழுதி அனுப்புங்கள்.

ரைகான்

*

சொங்-கோல்
ஜூன் 20

சம்பந்தியம்மா,

ஜிர்கல் மூன்றாவது கிண்ணம் டீ குடித்துக்கொண்டிருக்கிறான். அவன் கிளம்புவதற்குள் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

எனக்கு வயது அறுபது. தீட்டு நின்று பத்து வருடம் ஆகிறது. இந்த வசந்தத்தில், கோடை மேய்ச்சலுக்கு மேலே கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம், உள்ளாடையில் ரத்தம் பார்த்தேன். ஒரு பொட்டுதான். குதிரையேறியதால் உரசியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் திரும்ப வந்தது. இப்போது அடிக்கடி வருகிறது. சிறுநீர் போகும்போது மிளகாய் பட்டது போல எரிகிறது. என் சின்னம்மா இப்படித்தான் வயதான காலத்தில் ரத்தம் பார்த்தாள். கர்ப்பப்பையில் கெட்ட நோய். அடுத்த வசந்தத்தை அவள் பார்க்கவில்லை. எனக்கும் அதுதான், தெரியும்.

யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் எழுவதற்கு முன்னே ஓடைக்குப் போய்த் துவைத்துவிடுகிறேன். பெட்டியில் அடக்கத்துக்கு வேண்டிய துணிகளையும், துக்கத்துக்கு வருகிற பெண்களுக்குக் கிழித்துக் கொடுக்க வேண்டிய துணிகளையும் மடித்து வைத்தாயிற்று. சாம்பல் குதிரையை வியாபாரி கேட்டபோது, விற்க வேண்டாம் என்று கிழவரிடம் சொல்லிவிட்டேன். அது என் சாவு விருந்துக்கு வெட்ட. எதற்கென்று அவர் கேட்கவேயில்லை, சரி என்று தலையாட்டிவிட்டார். நாற்பது வருடத்தில் நான் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் என்னை அழ வைத்தது.

டாக்டரிடம் போ என்பீர்கள். இங்கே பால் தரும் குதிரைகளைப் பகல் முழுக்க மாற்றி மாற்றிக் கறக்க வேண்டும். கிழவரை அவை கிட்டே விடாது. அதோடு, காலை அகட்டிப் படுத்து யாரோ ஒரு ஆம்பிளைக்குக் காட்டுவதைவிட நான் செத்துப்போவதே மேல். ஒருவேளை அவன் என் கிழவரின் குலத்துக்காரனாக இருந்தால்? புகுந்த வீட்டு ஆண்கள் முன்னால் நான் இன்னும் தலைத்துணியைக்கூடச் சரிய விடுவதில்லை.

எனக்குச் சாகப் பயமில்லை என்று எழுத நினைத்தேன். பயமாக இருக்கிறது, ரைகான்.

சோனுன்

*

நாரின்
ஜூன் 26

சோனுன்,

இதை உட்கார்ந்து படி. "நீங்கள்" எல்லாம் போதும். இனிமேல் நீ நான்தான்.

உன் மகன் கல்யாணத்தில் நான் எழுந்து போனது எலும்புக்காக இல்லை. அந்தத் தட்டை நான் பார்க்கவேயில்லை. எனக்கு விலா வைத்த விஷயமே உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரியும்!

நடந்தது இது. அன்று காலையிலிருந்தே எனக்கு எரிச்சல். நீ சொன்னாயே மிளகாய், அதே மிளகாய். சபையில் உட்கார்ந்திருந்தபோது ஈரம் பட்டது போல இருந்தது. நான் உடுத்தியிருந்தது வெளிர் நீலப் பட்டு. எனக்கு முன்னால் உங்கள் குலத்து ஆண்கள் வரிசையாக, பின்னால் பாடகர்கள், பக்கத்தில் வீடியோக்காரன். கறை தெரிந்தால் என் பெண்ணின் மானம் என்னாவது? சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓடினேன். வழியில் யாரோ, "தட்டப் பாத்து கோச்சுக்கிட்டாங்கடி" என்று சொன்னது காதில் விழுந்தது. அது எனக்கு வரம் மாதிரி இருந்தது. கோபித்துக்கொண்டு போன சம்பந்தி என்றால் கௌரவம். ரத்தக் கறையோடு ஓடிய சம்பந்தி என்றால்? கோபமாகவே இருந்துவிட்டேன். அப்புறம் நீ வந்து சமாதானம் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ வரவில்லை. அதனால் உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

இப்போது கேள். நானும் கர்ப்பப்பை என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் கதவைத் தாழிட்டு, முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்தேன். சிறுநீர் வரும் வாயில் சிவப்பாக ஒரு சதை, காட்டுப் பழம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் அதிலிருந்துதான் வந்தது. சிறுநீர்த் தாரைச் சதைக்கட்டி என்றார் டாக்டர். தீட்டு நின்ற பெண்களுக்கு அந்த இடத்துத் தோல் மெலிந்து, உள்சதை இப்படி வெளியே வருமாம், பலருக்கு வருமாம். பலருக்கு என்றால் அவர்கள் எல்லாம் எங்கே? ஒருத்தியாவது சொன்னாளா? நானும்தான் சொல்லவில்லை.

முதலில் தடவ மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. பிறகு எடுத்துவிட்டார். இன்று நான் ஓடுகிறேன், குதிக்கிறேன்.

உனக்கும் அதேதான் என்று நான் சொல்ல மாட்டேன். நான் டாக்டர் இல்லை. இந்த வயதில் ரத்தம் பார்த்தால் கர்ப்பப்பையையும் பார்த்தே ஆக வேண்டும். அதனால் நீ வருகிற வெள்ளிக்கிழமை ஜிர்கலின் லாரியில் கீழே இறங்குகிறாய். குதிரை கறக்க நூர்ஜாத் இங்கிருந்து மேலே வருகிறாள். அவளுக்குக் கறக்கத் தெரியாது என்று எழுதாதே. விக்கல் எடுத்தாவது கறப்பாள்.

கண்ணாடியில் பார். பயப்படாதே.

ரைகான்

பி.கு. விலாவா? சம்பந்திக்கு விலாவா?! சோனுன், இதை நான் விட மாட்டேன்.

*

சொங்-கோல்
ஜூலை 11

அன்புள்ள ரைகான்,

உன் வீட்டு மெத்தையில் படுத்துப் பழகிவிட்டு இப்போது தரை குத்துகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டில் இறக்கிவிட்டு நேராக இங்கே வந்தோம், என் மகன் எர்மெக் கார் ஓட்டியதால் உன்னிடம் வாயைத் திறக்க முடியவில்லை. "என்னம்மா, பல்லு பிடுங்கினியா, பேசவே மாட்டேங்குற?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், வழியெல்லாம் எனக்காக மெதுவாக ஓட்டினான். அதனால் உள்ளே நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்த வரிசை. சிறுநீர் டாக்டர் என்றால் ஆண்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், நினைத்தபடியே எல்லோரும் கிழவர்கள். நீ காகிதம் எழுதி வாங்கப் போயிருந்தபோது ஒரு வெள்ளைத் தாடி என்னிடம், "யம்மா, புருஷனுக்கு இடம் பிடிக்கிறியா? அவர் எங்கே?" என்று கேட்டார். "குதிரை மேய்க்கிறார், அவருக்குப் பதிலா நான் வந்தேன்" என்றேன். "அப்படியெல்லாம் பார்ப்பாங்களா?" என்று அவர் பக்கத்துக் கிழவரைக் கேட்டார். இரண்டு பேரும் அதைப் பற்றி ரொம்ப நேரம் யோசித்தார்கள்.

உள்ளே போனால் டாக்டர் நம் எர்மெக் வயதுப் பையன். மேஜையில் ஏறிப் படுக்கச் சொன்னான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முதல்ல உன் ஏழு தலைமுறை சொல்லு தம்பி."

"என்னம்மா?"

"அப்பா, தாத்தா, அவரோட அப்பா. ஏழு பேர். சொன்னாத்தான் படுப்பேன்."

நர்சு சிரித்தாள். பையன் நல்ல வீட்டுப் பிள்ளை, கையுறையோடு விரலை மடக்கி எண்ணி எண்ணிச் சொன்னான். ஐந்தாவது பேரில் என் அம்மாவின் குலம் வந்தது! கிழவருடைய குலம் இல்லை, என் தாய்வழி. அப்படியென்றால் எனக்கு மருமகன் முறை, கேலி பேசலாம், காதைத் திருகலாம். உயிர் வந்தது. உடனே ஏறிப் படுத்துவிட்டேன். அவன் பார்த்துவிட்டு, "அத்தை, இது கர்ப்பப்பையிலருந்து வர்ற ரத்தம் இல்ல. வாசல்லயே ஒரு சின்னச் சதை உக்காந்துருக்கு. அதான் வம்பு பண்ணுது" என்றான். கர்ப்பப்பையைப் பார்த்த டாக்டரம்மாவும் சுத்தமாக இருக்கிறது என்றாள்.

மரத்துப்போக ஊசி போட்டு எடுத்ததும், எடுத்ததைக் காட்டச் சொன்னேன். சின்ன பாட்டிலில் மிதந்தது. இத்தனை நாள் நான் ஓடைக்கும் கூடாரத்துக்கும் ஓடி அழுதது இந்தத் துளிக்கா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பரிசோதனைக்கு அனுப்புவோம், பெரும்பாலும் கெட்டதாக இருக்காது, ஆனாலும் முடிவு வந்தால்தான் நிச்சயம் என்றான்.

அந்தப் "பெரும்பாலும்" இருக்கிறதே, அது என்னைத் தின்கிறது. பெட்டியில் மடித்து வைத்த துணிகளை எடுக்கவில்லை. எடுத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

உன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் நாள் குதிரை உதைத்து வாளியோடு விழுந்திருக்கிறாள். நான் வந்தபோது பெட்டைக் குதிரையின் வயிற்றோடு தலை சாய்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கறந்துகொண்டிருந்தாள். என்னடி என்றால், "ஒப்பாரி பழகறேன் அத்தை, அம்மா சொன்னாங்க. குதிரைக்குப் பிடிச்சிருக்கு, பால் நல்லா இறங்குது" என்கிறாள். இவளை என்ன செய்வது?

சோனுன்

*

நாரின்
ஜூலை 24

அடி சோனுன்!

ஒன்றுமில்லை! ஒன்றுமே இல்லை! முடிவு வந்துவிட்டது. வெறும் சதைக்கட்டி, கெட்ட நோய் கிடையாது. உன் மருமகன் டாக்டர் இரண்டு தடவை சொன்னான், நான் மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னேன். திரும்ப வந்தாலும் வரலாமாம், வந்தால் பயப்படாமல் அவனிடம் வர வேண்டும், கொடுத்த மருந்தை விடாமல் தடவ வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் என் பழைய விசிலை எடுத்து ஊதினேன். காவலாளி திட்டினான். இன்னொரு தடவை ஊதினேன்.

பெட்டியிலிருந்து துணிகளை எடு. அந்த நல்ல துணியில் எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடு. ஆட்டை வெட்டு. நான் மேலே வருகிறேன். தட்டை உன் மைத்துனன் தொடக் கூடாது, நீயே உன் கையால் கொண்டுவந்து வைக்க வேண்டும். நான் எந்த எலும்பு என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

ரைகான்

*

சொங்-கோல்
ஆகஸ்ட் 7

அடி ரைகான்,

நீ போனதிலிருந்து கூடாரம் வெறிச்சென்று இருக்கிறது. வாலெலும்பை நீ கடித்த அழகை நினைத்து இன்னும் சிரிக்கிறேன். கொழுப்பு முழங்கை வரை வழிந்தது. மூன்று வருடப் பசி!

அன்று சிரித்துச் சிரித்து நீ கம்பளத்தில் உருண்டதால் வெளியே நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாம் பெண்கள் மட்டும் உட்கார்ந்து குமிஸ் குடித்து, நீ நூர்ஜாத்திடம் "மாமியாருக்குப் பழகினதப் பாடுடி" என்றாயே. அவள் முறைப்படி சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடுப்பில் கை வைத்து, மலை அதிரப் பாடினாள். வரிகளை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறேன்:

*சிவந்த காட்டுப் பழமே, அத்தை மறைவில் பழுத்தவளே,*
*குதிரை வெட்டி அழ இருந்தோம், ஆடு வெட்டிச் சிரிக்க வைத்தாயே,*
*பாட்டிலுக்குள் படுத்துக்கொண்டு பட்டணம் பார்க்கப் போனவளே,*
*போன வழி மறந்துவிடு, திரும்பி மட்டும் வந்துவிடாதே!*

விக்கலே இல்லை. மற்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இந்த முறை வேறு.

ஆனால் வெளியே ஆண்களுக்கு வார்த்தை கேட்கவில்லை, ராகம் மட்டும் கேட்டது. ஒப்பாரி ராகம் கேட்டால் நம் ஆண்கள் என்ன செய்வார்கள்? குதிரையிலிருந்து இறங்குவதற்கு முன்பே ஓலமிட்டு அழுதுகொண்டு வர வேண்டும் அல்லவா? ஏரிக்கரையிலிருந்து ஆறேழு பேர், யார் செத்தது என்றே தெரியாமல், "ஐயோ என் உறவே!" என்று கதறிக்கொண்டு பாய்ந்து வந்தார்கள். டிராக்டர்காரன் நிஜமாகவே கண்ணீர் விட்டான். எல்லோருக்கும் முன்னால் என் கிழவர். நான் கத்தியும் கையுமாக வாசலுக்கு வந்ததும் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் சாகல. நூர்ஜாத் பாட்டுப் பழகறா" என்றேன்.

"உனக்கு ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரியும்டி" என்றார். "ஓடையில நீ தனியா துவைக்கறத வசந்தத்துலயே பாத்துட்டேன். கேக்கத் தைரியம் வரல. பட்டணம் போயி வந்த, பல்லுன்னு சொன்ன. உனக்குத்தான் பல்லே நாலுதானே இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன், ரைகான். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தின் பெயரைச் சொல்லிச் சொன்னேன். அவர் காது சிவந்துவிட்டது, ஆனால் எழுந்து போகவில்லை. கடைசியில் சாம்பல் குதிரையைப் பற்றிக் கேட்டேன், ஏன் மறுபேச்சில்லாமல் சரி என்றீர்கள் என்று. "உன் வைத்தியத்துக்கு விக்கலாம்னுதான் வெச்சிருந்தேன். நீ எதுக்கு வெச்சிருந்த?" என்றார். நான் சாவு விருந்துக்கு என்று சொல்லவில்லை. அவர் தோளில் சாய்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன், வெட்கப்படாமல் எழுதுகிறேன். குதிரை இப்போது மலைச்சரிவில் யாருக்கும் வேண்டாதது போல மேய்கிறது, நன்றாகக் கொழுத்துவிட்டது.

இப்போது முக்கியமான விஷயம். நேற்றுக் காலை பாத்மா வந்தாள். அதே பாத்மாதான், உன் வாலெலும்பைத் தின்றவள். முகம் கடுகடுவென்று இருந்தது. கதவுத் துணியை இறக்கிவிட்டு, "உன் மருமக என்னப் பத்திப் பாட்டுக் கட்டிப் பாடுறாளா? எனக்கு இருக்குறத உனக்கு யாரு சொன்னா?" என்று சண்டைக்கு நின்றாள்.

"உனக்கு என்ன இருக்கு?" என்றேன்.

வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தேம்பித் தேம்பி அழுதாள். இரண்டு வருடமாக இருக்கிறதாம், ரத்தமும் எரிச்சலும். அவளும் துணி மடித்து வைத்திருக்கிறாள். என்னுடைய கண்ணாடியைக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். நான் வாசலில் காவல் நின்றேன். "ஐயோ, அதே பழம்!" என்று உள்ளிருந்து கத்தினாள். டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று உன்னை மாதிரியே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அவளுக்கும் என் டாக்டர் மருமகனின் ஏழு தலைமுறையை மனப்பாடம் செய்ய வைத்தாயிற்று. இந்த வெள்ளிக்கிழமை லாரியில் வருகிறாள். வரிசையில் அவளோடு உட்கார், கிழவர்கள் ஏதாவது கேட்டால் பதில் சொல். விசிலை மறக்காமல் எடுத்துக்கொள்.

அவளுக்கு நல்ல முடிவு வந்தால் இங்கே இன்னோர் ஆடு வெட்டுவோம். நீ கட்டாயம் வர வேண்டும். ஆனால் ஒரு ஆட்டுக்கு ஒரு வால்தான், விருந்தும் அவளுக்காகத்தான். அதனால் இந்தத் தடவை உனக்கு விலா, சம்பந்தி. நானே என் கையால் வைப்பேன். எழுந்து போகக் கூடாது.

உன்
சோனுன்